கண் திறந்த படங்கள்: யாவ் மக்களின் தாவோ தெய்வ ஓவியங்களும் அவற்றைத் தேடிய ஆய்வும்

யாவ் மக்களின் தெய்வ ஓவியங்களைப் பற்றி யார் எழுதினாலும் 1982இல் பாங்காக்கில் வெளியான ஒரு நூலைத் தொட்டுத்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. பிரெஞ்சு மானிடவியலாளர் ஜாக் லெமுவான் எழுதிய ‘யாவ் சடங்கு ஓவியங்கள்’ அது. நூல் பிறந்த காலம் துயரமானது. லாவோஸ் போரில் ஊரைவிட்டு ஓடிய, யாவ் மக்களின் ஒரு பிரிவான மியென் குடும்பங்கள் பல, 1975க்குப் பிறகு தாய்லாந்து அகதி முகாம்களில் ஒதுங்கின. தலைமுறைகளாகப் பூசையில் இருந்த படங்கள் வயிற்றுப்பாட்டுக்காக விலைக்குப் போயின. பழம்பொருள் வணிகர்கள் கைக்கு வந்த பிறகே வெளியுலகம் அவற்றைக் கூர்ந்து பார்த்தது. ஒரு சமூகம் சிதறியதால் கிடைத்த வெளிச்சம் இது. அந்தச் சிதறலின் காயம் இத்துறையில் இன்னும் ஆறவில்லை.

தென்சீனத்தின் குவாங்சி, ஹுனான், குவாங்தோங், யுன்னான் மலைப்பகுதிகளே யாவ் மக்களின் முதன்மை வாழிடம். 2020 கணக்கெடுப்பின்படி சீனாவில் அவர்கள் 33 லட்சத்துக்கு மேல். 2019இல் வியட்நாமில் ஏறத்தாழ 9 லட்சம். லாவோசிலும் வட தாய்லாந்திலும் வாழ்கிறார்கள். அகதிகளாகச் சென்றவர்களின் வழித்தோன்றல்கள் கலிஃபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களில் இருக்கிறார்கள். யாவ் என்ற பெயருக்குள் பல மொழிக்குழுக்கள் உண்டு. நாம் பேசும் ஓவிய மரபு பெரும்பாலும் மியென், மூன் ஆகிய இரு பிரிவினருடையது.

ஒரு முழுத் தொகுதியில் பதினேழு படங்கள் அளவில் இருக்கும். சற்றுக் கூடுவதும் குறைவதும் உண்டு. பெரும்பாலும் காகிதத்தில் தீட்டி, சுருட்டி வைக்கத்தக்க நெடும் படங்கள். பூசை நாளில் மட்டும் அவிழ்த்துச் சுவரில் தொங்கவிடுவார்கள். நடுவில் தாவோ சமயத்தின் உச்சத் தெய்வங்களான ‘மூன்று தூயவர்கள்’. அவர்களை அடுத்து ஜேட் பேரரசர், சாங் குருநாதர், லீ குருநாதர், நரகத்தின் பத்து அரசர்கள், காவல் தளபதிகள். இவற்றோடு ‘பெருந்தாவோவின் டிராகன் பாலம்’ என்னும் நீண்ட கிடைச்சுருளும் உண்டு. தெய்வங்கள் குதிரையிலும் பல்லக்கிலும் பரிவாரத்தோடு சடங்குக் கூடத்துக்கு வந்திறங்கும் வழி அது.

மூன்று தூயவர்களில் லாவோ ட்சு வடிவானவரைக் கண்டுகொள்வது எளிது: நரைத்த தாடி, கையில் விசிறி, நேர்நோக்கிய முகம், மடிப்புகள் அடுக்கடுக்காக விழும் பெரிய அங்கி. அந்த முகத்தில் சலனமே இல்லை. அடுத்து சாவ் என்னும் தளபதியைப் பாருங்கள். கறுத்த முகம், உருட்டிய விழி, கையில் இரும்புச் சாட்டை, காலடியில் புலி. தளபதி தெங்குக்குப் பறவை அலகு, இறக்கைகள், இடியை எழுப்பும் சுத்தியல். ‘கடற்கொடி’ என்ற பெயருடைய ஹாய்ஃபான் நீரின் மேல் டிராகனில் ஏறி வாளோடு வருகிறார். மேலுலகின் அசைவின்மைக்கும் அதன் படைகளின் வேகத்துக்கும் இடையிலான இந்த இழுபறிதான் தொகுதியின் உயிர். ஒற்றைப் படத்தை மட்டும் பார்த்தால் அது பிடிபடாது. பத்து அரசர்கள் படத்தில் மேலே நீதிபதிகள் வரிசை. கீழே தண்டனை பெறும் ஆன்மாக்கள். சாவு வீட்டில் அந்தப் படத்தின் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அது வெறும் சித்திரமாக இருக்க முடியாது.

படம் எழுதுவதே ஒரு விரதம். வீட்டில் இடம் ஒதுக்கித் தூய்மைப்படுத்தி, ஓவியர் புலனடக்கத்தோடு வேலை செய்ய வேண்டும். முடிந்ததும் பூசாரி படத்துக்குக் கண் திறக்கிறார். அதன்பின் தெய்வம் படத்தில் குடியிருக்கிறது. படம் நைந்து புதியது எழுதினால், பழையதிலிருந்து தெய்வங்களை வேண்டி அழைத்துப் புதியதில் இருத்துவார்கள். நம் கோயில்களில் பாலாலயத்தின்போது மூர்த்தியின் சக்தியைக் குடத்துக்கு மாற்றுவதை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முறைப்படி விடுவித்த பழைய படத்தை விற்பதில் குற்றமில்லை என்று கருதுவோர் உண்டு. முகாமில் பசிக்காக அவசரமாக விற்கப்பட்டவற்றின் கதை வேறு.

இந்தப் படங்களின் முன்னிலையில்தான் தீட்சை நடக்கிறது. தீட்சை பெறுபவருக்கு விளக்குகளை ஏற்றித் தகுதி அளிக்கிறார்கள். வியட்நாம் மரபில் மூன்று விளக்குக்கு அவர் கட்டளையின் கீழ் 36 தெய்வப் படைவீரர்கள், ஏழுக்கு 72, பன்னிரண்டுக்கு 120. மியென் மரபில் கணவனோடு மனைவியும் தகுதி பெறுகிறாள். பெண்களின் இந்தப் பங்கை ஆய்வு நெடுங்காலம் ஓரத்தில் வைத்திருந்தது. 2016இல் லெய்டன் பல்கலைக்கழகத்தில் சென் மெய்வென் அளித்த ஆய்வேடு அதை நடுவுக்குக் கொண்டுவந்தது. அண்மைக்காலப் பணிகளில் நான் மிக மதிக்கும் ஒன்று அது.

தாவோ சமயம் இந்த மலைகளுக்கு எப்படி வந்தது? ஜப்பானிய ஆய்வாளர் ஷிராதோரி யோஷிரோ தாய்லாந்தில் திரட்டிய யாவ் ஆவணங்கள் 1975இல் அச்சேறின. அவற்றைக் கொண்டு தாவோ சமய ஆய்வாளர் மிஷேல் ஸ்ட்ரிக்மன் 1982இல் ஒரு விடை சொன்னார்: சீனாவின் சோங் அரசமரபுக் காலத் தாவோ மரபொன்றின் வாரிசு இது, சீனமயமாக்கத்தின் ஒரு பகுதி. 2006இல் ஆய்வாளர் ஈலை ஆல்பர்ட்ஸ் இந்தச் சித்திரத்தைக் கேள்விக்குட்படுத்தினார். ‘யாவ்’ என்பதே வரி, கட்டாய உழைப்பு ஆகியவற்றிலிருந்து விலக்குப் பெற்றவர்கள் என்ற அரசு வகைப்பாட்டோடு பிணைந்தது என்பது அவர் வாதத்தின் ஒரு முனை. ஆல்பர்ட்ஸ் பக்கமே என் மனம் சாய்கிறது. மேலிருந்து திணிக்கப்பட்ட சமயம், ஒவ்வொரு குடும்பத் தலைவனும் பூசாரித் தகுதி பெற முயலும் அளவுக்கு வேர்விடுவது அரிது. பேரரசின் அதிகார அடுக்குகளை இம்மக்கள் வானத்தில் வைத்துத் தமக்கென்று வசப்படுத்திக்கொண்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்தச் சமயத்தின் எழுத்துச் சுவடிகளின் நிலை, படங்களின் நிலையைவிட மேல். மியூனிக்கின் பவேரிய அரசு நூலகத்தில் 2,700க்கும் மேற்பட்ட யாவ் கையெழுத்துப் படிகள் உள்ளன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலும் ஒரு தொகுப்பு இருக்கிறது. ஜப்பானின் கனகாவா பல்கலைக்கழகத்தில் ஹிரோதா ரித்சுகோ குழுவினர் ஹுனானில் நடக்கும் சடங்குகளையே பின்தொடர்ந்து பதிவு செய்கிறார்கள். படம், பனுவல், பாட்டு, ஆட்டம் நான்கையும் சேர்த்துப் பார்க்கும் இந்த வழியே சரியானது.

படங்களுக்கோ இந்த நல்வாய்ப்பு இல்லை. சீனாவில் கலாசாரப் புரட்சிக் காலத்தில் அழிந்தவை போக, சந்தைக்கு வந்த தொகுதிகளை வணிகர்கள் பிரித்து விற்றார்கள். அலங்காரமான மூன்று தூயவர் ஒரு வீட்டுக்கும், தளபதிகள் இன்னொரு கண்டத்துக்கும் போனார்கள். பல படங்களின் ஓரத்தில் எழுதிய ஆண்டு, எழுதுவித்த குடும்பத்தின் பெயர், ஓவியர் பெயர், வேண்டுதல் எல்லாம் சீன எழுத்தில் இருக்கின்றன. பிரிந்துபோன படங்களை மறுபடி இணைக்க அந்த வரிகளே நம்பகமான சான்று. யாவ் ஓவியம் வைத்திருக்கும் ஒவ்வொரு அருங்காட்சியகமும் முன்புறப் படத்தோடு இந்த வரிகளையும் பின்புறத்தையும் படமெடுத்து, எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று கலிஃபோர்னியாவின் சேக்ரமென்டோவிலும் வட தாய்லாந்தின் சியாங் ராயிலும் இருக்கிறார்கள். தம் பாட்டன் பெயரைப் படித்துக் கண்டுபிடிக்கும் முதல் உரிமை அவர்களுடையது.