தேக்கில் ‘தேனி’, ‘கம்பம்’: இன்க்ஸ்கேப் ஆஃப்செட் எப்படி இருக்கிறது?

பெயர்ப்பலகைக்கு அக்ரிலிக் எழுத்தை வெட்டி மேலே ஒட்டுவது சுலபம். ஒரு மரத்தைக் குடைந்து, அதில் வேறு நிற மரத்தை இடைவெளி தெரியாமல் பதிக்கும் இன்லே வேலை அப்படியல்ல. 2013ல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையின் பலா மரத்தில் முன்பு தந்தம் பதித்தார்கள். இப்போது பிளாஸ்டிக் பதிக்கிறார்கள். ஆசாரி கண்ணால் பார்த்து, அரத்தால் ராவிச் சரிசெய்யும் அந்தப் பொருத்தத்தை, லேசரில் வெட்டும்போது கம்ப்யூட்டரில் முன்கூட்டியே எண்ணாகக் கொடுத்துவிட வேண்டும். அதற்குத்தான் ஆஃப்செட். வெட்டுக்கோட்டைச் சுற்றிலும் ஒரே அளவு வெளியே தள்ளும், அல்லது உள்ளே இழுக்கும்.

இலவசமாகக் கிடைக்கும் வரைகலை மென்பொருளான இன்க்ஸ்கேப்பில் இதைச் சோதிக்க ‘தேனி’, ‘கம்பம்’ என்ற நம்மூர்ப் பெயர்களையே எடுத்துக்கொண்டேன். முதல் பெயரில் சுழிகள் இருக்கின்றன, அடுத்ததில் புள்ளிகள்.

முதலில் லேசர் தின்னும் அகலம் தெரிய வேண்டும். கடையில் இதைக் கெர்ஃப் என்பார்கள். 50 மி.மீ. சதுரம் ஒன்றை வெட்டி, துளையையும் துண்டையும் வெர்னியரில் அளந்தால் போதும். துளை 50.16, துண்டு 49.84 என்றால், வித்தியாசத்தில் பாதியான 0.16தான் கெர்ஃப். துளையை வரைந்த கோட்டிலேயே வெட்டிவிட்டு, பதிக்கும் துண்டின் கோட்டை மட்டும் 0.16 வெளியே தள்ளினால் இரண்டும் ஒட்டி உட்காரும். பசைக்கு இடம் வேண்டுமென்றால் 0.14 வைக்கலாம்.

இந்த 0.16ஐ இன்க்ஸ்கேப்பில் எங்கே கொடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பாத் மெனுவில் கண்ணில் படும் இன்செட், அவுட்செட் இரண்டும் இந்த வேலைக்கு ஆகாது. மாற்றாமல் விட்டால் ஒரு அழுத்தலுக்கு 2 பிக்சல், அதாவது அரை மி.மீ.க்கும் மேல் நகர்ந்துவிடும். சுழிகளில் தேவையில்லாத நோடுகளும் குவிகின்றன. அவற்றைக் குறைக்க சிம்ப்ளிஃபை கொடுத்தால் வளைவே இடம் மாறி, பொருத்தம் போய்விடும். டைனமிக் ஆஃப்செட்டில் கைப்பிடியை இழுத்துத்தான் அளவு வைக்க வேண்டும். நேரடியாக எண்ணைத் தட்ட இடமில்லை.

2020ல் வந்த 1.0 பதிப்பில் சேர்ந்த ‘ஆஃப்செட்’ பாத் எஃபெக்ட்தான் உருப்படியானது. மி.மீ.யில் எண்ணைக் கொடுக்கலாம், பிறகு மாற்றலாம், மூல எழுத்து அப்படியே இருக்கும். பெசியர் வளைவை ஆஃப்செட் செய்தால் கிடைக்கும் கோடு பொதுவாக இன்னொரு பெசியராக இருக்காது. எந்த மென்பொருளும் தோராயமாகத்தான் வரையும். இந்த எஃபெக்ட் அந்தத் தோராயத்தை லேசர் வேலைக்குப் போதுமான அளவு நன்றாகவே செய்கிறது.

தமிழ் எழுத்துக்குச் சில முன்னேற்பாடுகள் தேவை. எழுத்தைப் பாத் ஆக்கியதும் யூனியன் கொடுங்கள். சில எழுத்துருக்களில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். பிரேக் அபார்ட் மட்டும் வேண்டாம். பிரித்தால் இரட்டைக் கொம்பின் சுழித் துளையும் தனி வடிவமாகி, சுருங்க வேண்டியது விரிந்துவிடும். ‘ம்’மின் புள்ளி தனி வட்டாக வருவதால் பதிக்கும்போது தொலையும், திரும்பியும் போகும். எழுத்தைச் சுற்றி வேறு மரத்தில் 2 மி.மீ. கரை வைத்தால் புள்ளியின் கரையும் எழுத்தின் கரையும் பல எழுத்துருக்களில் சேர்ந்துகொள்கின்றன. பார்க்கவும் அழகு, கைக்கும் வசதி.

மூலைக்கு ரவுண்ட், பெவல், மைட்டர் என்று வகைகள் உண்டு. 0.16 அளவில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. சிஎன்சி ரூட்டருக்கு வந்தால்தான் சிக்கல். 3.175 மி.மீ. பிட்டால் குழிக்குள் கூர்மூலை எடுக்கவே முடியாது. அதற்கு ஒரே எழுத்தின்மேல் இந்த எஃபெக்ட்டை மூன்று அடுக்காகப் போட்டேன்: முதலில் மைனஸ் 1.5875, அடுத்து பிளஸ் 3.175, கடைசியில் மறுபடி மைனஸ் 1.5875, எல்லாமே ரவுண்ட். வெளிமூலை, உள்மூலை இரண்டும் பிட்டின் ஆரத்துக்கே உருண்டுவிடும். குழிக்கும் துண்டுக்கும் அந்த ஒரே கோடு போதும். 3.175க்கு மெலிந்த கோடு இருந்தால் திரையிலேயே காணாமல் போகும், சின்னச் சுழி அடைபடும். மரத்தை வீணாக்குமுன் எழுத்தைப் பெரிதாக்க அந்த எச்சரிக்கை போதும்.

கெர்ஃபுக்கு மட்டும் என்றால் லேசர் மென்பொருளான லைட்பர்ன் மேல். வெட்டு அமைப்பிலேயே அந்த எண்ணைக் கொடுத்துவிடலாம். ஆனால் அது காசு கொடுத்து வாங்க வேண்டியது. எழுத்து வடிவைச் செதுக்கும் வேலைக்கு எனக்கு இன்க்ஸ்கேப்தான்.

ஒன்றை மட்டும் எந்த மென்பொருளும் பார்த்துக்கொள்ளாது. தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், கம்பம் பக்கம் சாரல் விழும் நாட்களில் மரம் ஈரம் வாங்கி உப்பும். பலகையும் பதிக்கும் மரமும் சில நாள் ஒரே அறையில் கிடந்த பிறகு சோதனைச் சதுரத்தை வெட்டி அளந்து, அன்றைய எண்ணையே எஃபெக்ட்டில் போடுங்கள்.