அறுபது ஆம்பியரில் நிற்கும் சுடர்

பெசன்ட் நகரில் ஒரு வீட்டின் இரும்புக் கேட்டைப் பார்த்தே, அதைப் பற்றவைத்த கை எப்படிப்பட்டது என்று சொல்லிவிடலாம். துரு முதலில் எங்கே தலைகாட்டுகிறது என்று பார்த்தால் போதும். பெரும்பாலும் கம்பியின் நடுவில் இருக்காது, இணைப்பில்தான் இருக்கும். எலியட்ஸ் கடற்கரையிலிருந்து வரும் காற்று நாள் முழுக்க உப்பைக் கொண்டுவந்து படிய வைக்கிறது. வெல்டிங் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம், தட்டாமல் விட்ட கசடு, தெறித்து ஒட்டிய இரும்புப் பொட்டு என்று ஏதாவது இருந்தால் உப்புநீர் அங்கே தங்கிவிடும். மேடு பள்ளத்தில் பெயின்ட் மெலிதாகத்தான் பிடிக்கும். ஓரிரு மழைக்காலம் போனதும் அந்த இடத்திலிருந்து பழுப்புக் கோடு இறங்கத் தொடங்கும். நாலு புள்ளி வைத்து, மேலே புட்டி பூசி மறைத்த வேலையும் இந்தக் காற்றில் சீக்கிரமே வெளிப்பட்டுவிடும். முழுதாக ஒரே ரன் ஓட்டி, கசடு தட்டி, தேய்த்து, அன்றைக்கே ரெட் ஆக்ஸைடு அடித்த இணைப்போ கம்பிக்கு நிகராக உழைக்கும்.

எனவே, கார் ஷெட்டின் ஒரு மூலையைப் பட்டறையாக்கிக்கொண்டு தன் வீட்டு இரும்பைத் தானே பார்த்துக்கொள்ள நினைப்பவருக்கு இந்தப் பேட்டையில் வெல்டிங் தெரிந்திருப்பது பெரிய வசதி. டிரில், கிரைண்டர், வைஸ் எல்லாம் சேர்ந்தபின் கடைசியாகத்தான் வெல்டிங் மெஷின் வாங்கும் எண்ணம் வரும். வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, ‘இது எத்தனை ஆம்பியர் கொடுக்கும்?’ நான் கேட்கச் சொல்வது வேறு: எவ்வளவு குறைத்தாலும் இதன் ஆர்க் அணையாமல் நிற்கும்? ஒரு மெஷினின் தரம் அதன் மேல் எண்ணில் இல்லை, கீழ் எண்ணில் இருக்கிறது. வெல்டிங்கை ரசிக்கப் பழகியவர்கள் தேடுவதும் அந்தக் கீழ்க்கோடியில் கிடைக்கும் நிதானத்தைத்தான்.

முதலில் எந்த வகை என்று பார்த்துவிடுவோம். மிக், டிக், ஆர்க் என்று கடையில் மூன்று பெயர் சொல்வார்கள். மிக்கில் கம்பிச்சுருள் தானாக ஓடிவரும். பழகுவது எளிது, கசடும் இல்லை. ஆனால் உருகிய இரும்பைக் காற்றின் ஆக்ஸிஜனிலிருந்து காப்பது சிலிண்டரிலிருந்து வரும் வாயுதான். பெசன்ட் நகரில் பகலில் கடற்காற்று எழுந்துவிட்டால், திறந்த ஷெட்டில் அந்த வாயுத் திரை நிற்காது. இணைப்புக்குள் பொத்தல் பொத்தலாகக் காற்றுக்குழிகள் விழும். டிக்கின் ஆர்கானுக்கும் இதே கதிதான். ராடு வைத்துச் செய்யும் பழைய ஆர்க் வெல்டிங்கில் காப்பு ராடின் மேல்பூச்சிலேயே இருக்கிறது. அது எரிந்து புகைத்திரை ஆகிறது. உருகிக் கசடாகி, ஆறும் இரும்பைப் போர்த்துகிறது. அந்தப் பூச்சு ராடு பிறந்ததும் ஒரு துறைமுகத்தில்தான். சுவீடனின் கோத்தன்பர்க்கில் கப்பல்களையும் கொதிகலன்களையும் பழுதுபார்த்த ஆஸ்கர் கெல்பெரி, பூச்சு ராடை உருவாக்கி 1904-இல் ஈசாப் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் இந்தியக் கிளைக்கு இன்று முகவரி நம் அம்பத்தூர். கடலோரப் பட்டறைக்குக் கடலோரத்தில் பிறந்த முறையே பொருத்தம்.

ஆர்க் மெஷினிலும் இரண்டு உண்டு. சக்கரம் வைத்த, இரண்டு ஆள் சேர்ந்து தள்ளும் டிரான்ஸ்ஃபார்மர் செட் ஒன்று. கிரில் பட்டறைகளில் இன்னும் ஹூம் என்று முனகிக்கொண்டிருக்கும், சாகாவரம் பெற்றது. ஆனால் அதன் கரன்ட் ஏசி. நொடிக்கு நூறு முறை அது பூஜ்யத்தைத் தொட்டு மீள்கிறது. ஒவ்வொரு முறையும் ஆர்க் மறுபடி பற்றிக்கொள்ள வேண்டும். கரன்ட் மிகுதியாக இருக்கும்போது பாதகமில்லை. குறைக்கக் குறைக்க அது தடுமாறும். இன்வெர்ட்டர் மெஷின், வரும் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, அதனாலேயே கைப்பிடி அளவு டிரான்ஸ்ஃபார்மரில் வேலையை முடித்து, இடைவெளியில்லாத டிசியாகக் கொடுக்கிறது. கை நடுங்கி ராடு சற்றே நெருங்கினாலும் விலகினாலும் அதை உணர்ந்து கரன்ட்டைச் சரிசெய்கிறது. தோளில் மாட்டிக்கொண்டு போகும் எடைதான். வீட்டுக்கு இதுவே போதும்.

கீழ் எண் ஏன் முக்கியம் என்றால், வீட்டு வேலையில் கைக்கு வரும் சதுர பைப் பெரும்பாலும் 1.2 மில்லிமீட்டரிலிருந்து 2 மில்லிமீட்டர் கனம்தான். இதற்கு 2.5 மி.மீ. ராடும் 60 முதல் 80 ஆம்பியரும் போதும். 1.2 மி.மீ. பைப்புக்கு 2 மி.மீ. ராடை 45, 50-இல் ஓட்ட வேண்டியிருக்கும். அதற்கு மேல் போனால் இணைப்புக்குப் பதில் ஓட்டைதான் விழும். வீட்டு மின்சாரமும் இதையே சொல்கிறது. 80 ஆம்பியரில் ஆர்க்கின் குறுக்கே சுமார் 23 வோல்ட் நிற்கும். மெஷினின் இழப்பையும் சேர்த்தால் 2.2 கிலோவாட் அளவு. இன்வெர்ட்டர் அதை நம் லைனிலிருந்து இழுக்கும் விதத்தில் 13, 14 ஆம்பியர் ஆகிவிடும். ஏர் கண்டிஷனர் மாட்டும் 16 ஆம்பியர் பாயின்ட் இதைத் தாங்கும். வெல்டிங் கரன்ட் 100-ஐத் தாண்டினால் எம்சிபி விழலாம். பெட்டியின் மேல் 200, 250 என்று எழுதியிருப்பது, வீட்டில் நாம் ஒருநாளும் தொடப்போகாத எண்.

பாரிமுனையில் லிங்கிச் செட்டித் தெரு, செம்புதாஸ் தெருப் பக்கம் போனால் எல்லா விலையிலும் மெஷின் கிடைக்கும். கைப்பையில் 2 மி.மீ. பைப் துண்டும் நாலு 6013 ராடும் கொண்டுபோங்கள். “எத்தனை ஆம்ப்ஸ் சார் பார்க்கறீங்க?” என்று கடைக்காரர் கேட்பார். “அறுபதுல வெச்சு ஒரு ரன் ஓட்டிப் பார்க்கட்டுமாண்ணே?” என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் முகம் மலர்ந்துவிடும். எதிரில் நிற்பவருக்கு விஷயம் தெரியும் என்று அவருக்குப் புரிந்துவிடுகிறது. ராடு தொட்டவுடன் பற்றுகிறதா, இரண்டு மூன்று முறை உரச வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். ராடின் தடிமன் அளவே இடைவெளி விட்டு இழுத்துப் போங்கள். பின் வேண்டுமென்றே கொஞ்சம் தூக்குங்கள். உடனே அணைந்தால் நல்லதில்லை. வேண்டுமென்றே அழுத்துங்கள், ஒட்டிக்கொண்டால் நல்லதில்லை. நல்ல மெஷின் இரண்டையும் பொறுத்துக்கொள்ளும்.

காதையும் கொடுங்கள். சரியான ஆர்க்குக்கு ஒரே சுருதி உண்டு: வாணலியில் அப்பளம் பொரிகிற மாதிரி விட்டுப்போகாத சரசரப்பு. தூரம் கூடினால் சத்தம் உடைந்து தெறிக்கும், நெருங்கினால் அமுங்கும். நாள்பட்ட வெல்டர்கள் அடுத்த பட்டறையின் சத்தத்தை வைத்தே கரன்ட் கூடவா குறைவா என்று சொல்வார்கள்.

இனிக் கண்ணாடிக்குள் தெரிவது. புதிதாகப் பழகுகிறவர் ஒளியையே பார்ப்பார். பார்க்க வேண்டியது அதற்குப் பின்னால் இருக்கிறது. 11-ஆம் நம்பர் கண்ணாடி வழியே, வெளிச்சப் புள்ளிக்குச் சற்றுப் பின்னே, பாசிப்பயறு அளவில் ஒரு சிறு குளம் தெரியும். அதன் முன்விளிம்பில் இரும்பு பளபளவென்று நீராக இருக்கும். பின்பக்கம் கசடு சற்று மங்கலாக மிதந்து மூடிக்கொண்டு வரும். அந்தக் குளம் இரண்டு துண்டின் ஓரத்தையும் ஒருசேர நனைக்கிறதா என்பதுதான் வேலை முழுதும். ஓரத்தை அரித்துவிட்டு நிரப்பாமல் நகர்ந்தால் அங்கே ஒரு வாய்க்கால் விழும். அவசரப்பட்டால் கசடு முன்னால் ஓடிவந்து உள்ளே மாட்டிக்கொள்ளும். குளம் நிறைந்ததும் நகர், மறுபடி நிறைய விடு என்று கை தானாக ஒரு தாளத்துக்கு வந்துவிடும். ஆறியபின் சுத்தியலால் லேசாகத் தட்டினால், நன்றாக ஓடிய ரன்னில் கசடு ஓடாகக் கழன்று விழும். அடியில் அலை அலையாக, ஒரே இடைவெளியில், வரிகள். ஒவ்வொரு வரியும் குளம் உறைந்த ஒரு கணம். கை எங்கே தயங்கியது, எங்கே ஓடியது என்று எல்லாமே அங்கே பதிந்திருக்கும். 60 ஆம்பியரில் ஆர்க் நிலையாக நின்றால்தான் இந்த வரிகளை மெல்லிய பைப்பில் பார்க்க முடியும்.

இந்தக் கலை வளர்ந்த மண்ணில்தான் இருக்கிறோம். 1955 அக்டோபர் 2 அன்று பெரம்பூரில் தொடங்கிய ஐ.சி.எஃப்., சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்தின் வடிவமைப்பில், முழுக்க எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து, தளமும் பக்கமும் கூரையும் சேர்ந்தே பாரம் சுமக்கும் கூடாக ரயில் பெட்டிகளைச் செய்தது. நம்மைச் சுமந்து போன அந்த நீலப் பெட்டிகளெல்லாம் வெல்டிங் ரன்களால் ஆனவை. திருச்சியில் பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சிக் கழகம் 1975 முதல் இயங்குகிறது.

எனக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஈசிஆரில் இருக்கிறது. 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் நண்பர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் தொடங்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் வாழ்ந்து பணியாற்றியவர் எஸ். நந்தகோபால் (1946–2017). செம்பு, பித்தளைத் தகடுகளையும் கம்பிகளையும் பற்றவைத்து அவர் செய்த சிற்பங்கள், கோயில் திருவுருவங்களைப்போல முன்னிருந்து பார்க்க அமைந்தவை. நம் செப்புத் திருமேனி மரபில் மெழுகில் முழு உருவமும் முடிந்தபிறகே உலோகம் உள்ளே போகும். பற்றவைப்பவரின் சிற்பமோ ஒரு தகட்டில் தொடங்கி, ஒட்டி, நின்று பார்த்து, மறுபடி ஒட்டி வளர்கிறது. வேலையின் நடுவிலேயே மனத்தை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் அதில் உண்டு. அந்தச் சுதந்திரத்தின் ஒரு துளி வீட்டுப் பட்டறைக்கும் கிடைக்கிறது.

வாங்கும்போது இன்னும் சில. டியூட்டி சைக்கிள் 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் ஓட்டலாம் என்று பொருள். அந்தக் கணக்கு 40 டிகிரி வெப்பத்துக்கா, அதற்குக் குறைவானதற்கா என்று கேளுங்கள். சென்னையின் மே மாதத்தில் நாம் நிற்பது அந்த 40-இல்தான். ராடு மாட்டியிருந்தும் ஆர்க் எரியாதபோது ஹோல்டரில் 60 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். வியர்வையில் நனைந்த கைக்கு அது ஆபத்து. அதைக் குறைக்கும் விஆர்டி இருந்தால் தயங்காமல் அந்த மாடலை எடுங்கள். உள்ளேயிருக்கும் சர்க்யூட் போர்டுக்கு வார்னிஷ் பூச்சு உண்டா என்று விசாரியுங்கள். விசிறி உள்ளே இழுப்பது உப்புக்காற்றை. கிரைண்டர் ஓடும் பக்கம் மெஷினை வைக்கக் கூடாது, இரும்புத் தூள் உள்ளே போனால் போர்டு போய்விடும். வேலை முடிந்ததும் வீட்டுக்குள் எடுத்துவைத்துவிடுங்கள். ராடையும் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஈரம் குடித்த ராடு நல்ல மெஷினையும் கெட்ட மெஷினாகக் காட்டும்.

பெரிய எண்ணைத் தவிர்த்து மிச்சமாகும் பணத்தைத் தானாக இருளும் நல்ல ஹெல்மெட்டுக்கும், தோல் கையுறைக்கும், முழுச் செம்பு கேபிளுக்கும் கொடுங்கள். ஜிஐ பைப்பில் இணைக்கும் இடத்துத் துத்தநாகத்தைத் தேய்த்தெடுக்காமல் ஆர்க் வைக்க வேண்டாம். அந்த வெள்ளைப் புகை காய்ச்சலில் படுக்கவைக்கும். பெட்ரோல் வண்டி ஷெட்டுக்கு வெளியே போனபிறகுதான் வேலை தொடங்க வேண்டும். தெருவில் போகும் பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள். ஒரு தடுப்பு கட்டாயம்.

முதலில் என்ன செய்வது என்று கேட்டால், வேலை மேசை என்பேன். 40 மி.மீ. சதுர பைப், 2 மி.மீ. கனம். மூலைகளில் புள்ளி வைத்து, மூலைவிட்டம் இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று டேப்பால் அளந்து, பிறகு எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி ரன் ஓட்டுங்கள். ஒரே பக்கமாக ஓட்டினால் ஆறும்போது இரும்பு சுருங்கிச் சட்டத்தைக் கோணலாக இழுத்துவிடும். பொறுமை, வரிசை, குறைந்த கரன்ட் என்று இந்தத் தொழில் கேட்பது மூன்றையும் அந்த ஒரு மேசையே கற்றுக்கொடுத்துவிடும். அதன் மேல் வைத்துச் செய்யும் ஸ்டூலும் செடி ஸ்டாண்டும் மாடிக் கைப்பிடியும் அந்த மேசையின் நேர்த்தியை மிஞ்சப்போவதில்லை. மேசை கோணினால் எல்லாம் கோணும். ஆகவே அதை அவசரமில்லாமல், அறுபதிலிருந்து எண்பதுக்குள், அழகாகச் செய்யுங்கள்.