பிரண்டையின் அரிப்பும் துவையலும்

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை, மலையடிவாரத்துத் தோட்ட வேலிகளில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமலே படர்ந்து கிடக்கிறது பிரண்டை. நாற்பட்டைச் சதைத்தண்டு, கோடையில் இலையை உதிர்த்துவிட்டுத் தண்டின் பச்சையிலேயே பிழைத்துக்கொள்ளும். இதை மருந்தென்று புகழ்பவர்கள் அதிகம். அதைவிடப் பெரிய புகழ், இதைத் தின்னத் தக்கதாக்கிய சமையல் கைக்கே சேர வேண்டும். பச்சைத் தண்டில் கால்சியம் ஆக்ஸலேட் ஊசிப் படிகங்கள் உண்டு. தொட்டால் கை அரிக்கும், கடித்தால் நாக்கு அரிக்கும். அதனால்தான் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, இளங்கணுவாகப் பார்த்து ஒடித்து, ஓரத்து நாரை உரித்து, நிறம் மாறும்வரை எண்ணெயில் வதக்கி, புளியும் வற்றல் மிளகாயும் வறுத்த உளுந்தும் வைத்து அரைக்கிறார்கள். இதில் ஒரு படியும் வெறும் சடங்கில்லை.

எலும்பை ஒட்டவைக்கும் என்பது பாட்டி வைத்தியம்தானே என்று கேட்கலாம். 1960களிலேயே காசியில் உடுப்பா, பிரசாத் என்ற ஆய்வாளர்கள் விலங்குகளின் எலும்பு முறிவில் இதைச் சோதித்து, முறிவு விரைந்து கூடுவதாக எழுதினார்கள். ஆனால் அது மருந்தாகக் கொடுத்த சாறு, துவையல் அல்ல. எலும்பு முறிந்தவருக்கு மாவுக்கட்டுதான் வேண்டும். ஆக்ஸலேட் இருப்பதால், சிறுநீரகக் கல் உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் பிரண்டையைத் தொடாதிருப்பது நல்லது. சோதித்தது மருந்தைத்தான் என்றால் பிரண்டையை மாத்திரையாகவே விழுங்கலாமே என்று கேட்டால், நாக்கு செத்துப்போன நாளில் சுடுசோற்றில் பிசைந்த துவையலின் உறைப்பும் புளிப்பும் மாத்திரையில் கிடைக்காது. அவ்வப்போது அரைத்துத் தின்ன அந்த ருசியே போதுமான காரணம்.