கணவாய்க்கு அப்பால் நிற்கும் சுமைகாரர்

ஜேம்ஸ் ஹில்ட்டன் என்னும் ஆங்கில ஆசிரியர் 1933-இல் வெளியிட்ட ‘லாஸ்ட் ஹொரைஸன்’ நாவலை நம் மாணவருள் படித்தவர் சிலரே ஆவர். ஆயினும் அது உலகுக்கு ஈந்த ‘ஷாங்ரி-லா’ என்னும் பெயரை அறியாதார் அரியர். ஓட்டல்கள் அப்பெயரைச் சூடிக்கொண்டன. சீன அரசாங்கமும் 2001-இல் யூன்னான் மாகாணத்து ஜோங்தியன் பகுதிக்கு அப்பெயரை இட்டது. போரினால் நைந்த உலகிற்கு அடைக்கலமான மலைநாட்டைக் காட்டும் நூல் என்று இதனைப் பலரும் போற்றுவர். பிரசங்க பீடத்திலிருந்தும் அப்புகழுரையை நாம் கேட்டதுண்டு. அதனை முழுவதும் ஏற்க நம்மால் இயலவில்லை. காரணம் அக்கதையின் கணவாயிலேயே இருக்கிறது.

கதையை நினைவுகூர்வோம். கலவரம் மூண்ட பாஸ்குல் நகரிலிருந்து புறப்பட்ட விமானம் கடத்தப்பட்டு, குன்லுன் மலைத்தொடரின் நடுவே இறங்குகிறது. அதில் இருந்தோர் பிரிட்டிஷ் கான்சல் கான்வே, அவருடைய இளம் துணைவர் மாலின்சன், பர்னார்ட் என்ற அமெரிக்கர், மிஷனெரியாகிய மிஸ் பிரிங்க்ளோ அம்மையார் ஆகிய நால்வர். அவர்கள் கணவாய் கடந்து ஒரு லாமா மடத்தைச் சேர்கின்றனர். அதனை நிறுவியவர் பெரோ என்ற கப்புச்சின் துறவி. நெஸ்தோரியக் கிறிஸ்தவத்தின் எச்சங்களைத் தேடி 1719-இல் பீக்கிங்கிலிருந்து புறப்பட்ட நால்வரில் எஞ்சியவர் அவர் ஒருவரே. சுவிசேஷம் அறிவிக்க வந்த அவர், காலப்போக்கில் ‘எதிலும் மிதம்’ என்பதையே போதனையாகக் கொண்ட தலைமை லாமாவாகி, இருநூறு வயதையும் கடந்து வாழ்கிறார்.

நாம் ஆராய விரும்புவது அவருடைய நீண்ட ஆயுளை அன்று, அம்மடத்தின் குளியலறையை. அங்குள்ள தொட்டி அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் செய்யப்பட்டது! பியானோவும், ஐரோப்பிய மொழி நூல்கள் நிறைந்த நூலகமும் அங்கே உண்டு. 1803-இல் வந்துசேர்ந்த ஹென்ஷெல் என்ற ஆஸ்திரியர் இதற்கென ஓர் ஏற்பாட்டை வகுத்தார். பள்ளத்தாக்கில் எளிதாகக் கிடைக்கும் தங்கம் வெளியே செல்லும். வேண்டிய சரக்கு நெடுந்தொலைவிலிருந்து சுமைகாரர் தோளில் வந்து சேரும். உலகத்தைத் துறந்ததாகச் சொல்லப்படும் மடம் உலகத்தோடு செய்யும் வாணிபத்தினாலேயே நிலைத்து நிற்கிறது. ஆனால் அச்சுமைகாரருள் ஒருவருக்கும் ஆசிரியர் பெயர் தரவில்லை, ஒருவரையும் மடத்து முற்றத்தில் நம் கண்முன் நிறுத்தவுமில்லை. கதையின் இறுதியிலும் அவர்கள் கணவாய்க்கு அப்பால் காத்திருப்பதாக மட்டுமே கேள்விப்படுகிறோம்.

மனிதரும் அங்கே ஒருவகைச் சரக்கே. 1914-இல் தொடங்கிய போரும் 1917-இன் ரஷ்யப் புரட்சியும் பயணிகளின் வரவை நிறுத்தியபின், புதியவர்களைக் கொணர்வதற்கென்றே விமானம் கடத்தப்படுகிறது. பாபிலோனின் வணிகரைப் பற்றி வெளிப்படுத்தின விசேஷம் 18-ஆம் அதிகாரம் தரும் சரக்குப் பட்டியல் பொன்னில் தொடங்கி மனித உயிர்களில் முடிவதை நம் வாசகர் அறிவர். அப்பட்டியலின் முதலும் முடிவும் ஷாங்ரி-லாவில் உள்ளன.

கற்பனைக் கதையை இவ்வளவு கடுமையாக நிறுக்கலாமோ என்று கேட்கப்படலாம். பெரோவின் கதைக்குச் சரித்திரத்தில் ஓர் இணை உண்டு என்பதே நம் விடை. கப்புச்சின் துறவியர் 1707-இல் மெய்யாகவே லாசாவை அடைந்தனர். பொருள் போதாமையால் அவர்கள் பணி இடையில் சில ஆண்டுகள் நின்றது. 1745-இல் முடிவாக வெளியேறினர். கணவாய்களைத் தாண்டி உதவி வராதபோது வாடிய மிஷன் அது. ஹில்ட்டனோ தம் துறவிக்குத் தங்கத்தைத் தந்துவிட்டார். பற்றாக்குறை நீங்கியவுடன் அவருடைய சுவிசேஷமும் மெல்ல மங்கியது தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை.

ஆசிரியருக்கு நாம் அநியாயம் செய்யலாகாது. வரவிருந்த பெரும்போரை 1933-லேயே அஞ்சி, அறிவையும் அழகையும் காக்க ஓரிடம் வேண்டுமென அவர் ஏங்கினார். அவ்வேக்கம் மெய்யானது. ஆனால் காக்கப்படுவன நூல்களும் இசையும். அவற்றைச் சுமந்து வந்தவர் காக்கப்படுவோர் கணக்கில் இல்லை. மதில் சூழ்ந்த வளாகங்களில் இறையியல் பயிலும் நமக்கும் இது நெருங்கிய செய்தியே. விடுதி உணவறையின் ஸ்தோத்திர ஜெபத்தில் சமைத்தவரின் பெயர் சொல்லப்படுவதை நாம் அரிதாகவே கேட்டிருக்கிறோம்.

மிஸ் பிரிங்க்ளோ அம்மையாரை ஆசிரியர் சற்றே நகைப்புக்குரியவராக வரைந்துள்ளார். 1937-இல் பிராங்க் காப்ரா எடுத்த திரைப்படமோ அந்த மிஷனெரியை நீக்கி, அவர் இடத்தில் வேறொரு நோயாளிப் பெண்ணை வைத்தது. எனினும் பள்ளத்தாக்கின் மக்களோடு பேசவேண்டும் என்று திபெத்திய மொழியைக் கற்க அமர்பவர் அவ்வம்மையாரே. மிதம் என்னும் போதனைக்கு அவர் மசியவுமில்லை. அவருடைய பிடிவாதத்தில் நமக்கு உடன்பாடின்மை பல உண்டு. ஆயினும் மடத்தின் உயரத்திலிருந்து கீழே வாழும் மக்களிடம் இறங்க எண்ணியவர் அந்நால்வருள் அவர்தாம்.

இன்னொன்றையும் திறனாய்வாளர் கவனித்ததாகத் தெரியவில்லை. மாலின்சனோடு கணவாய் கடந்த கான்வேயின் பயணத்தை ஆசிரியர் விவரிக்கவில்லை. அவர் மறுபடி நமக்குத் தென்படுவது சுங்-கியாங் நகரில், நினைவிழந்த நோயாளியாக. அவரைப் பராமரிப்பது பிரெஞ்சுக் கன்னியர் நடத்தும் ஒரு மிஷன் மருத்துவமனை. அவரை அங்கே கொண்டுவந்து சேர்த்தவள் மிகவும் முதிர்ந்த ஒரு சீனப் பெண். அவளும் காய்ச்சலில் கிடந்தாள். தலைமை லாமாவின் அறையைப் பல பக்கங்களில் வருணித்த ஆசிரியர், அந்த மருத்துவமனைக்கு ஒதுக்கியவை சில வரிகளே. அவ்வரிகளை நம் மாணவர் நிதானமாகப் படிக்கட்டும்.