பேசவிட்டோமா? – ஹெரால்டு ஷிஃப்மன் ஆய்வுகள்: ஒரு பார்வை

ஆசிரியர்களே, தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களே,

இருமொழிக் கொள்கை பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், "சிங்கப்பூரில் தமிழ் அதிகாரத்துவ மொழி, ஆகவே தமிழ் வாழும்" என்று பலரும் முடித்துவிடுகிறோம். அப்படி முடிக்கும் முன் ஹெரால்டு ஷிஃப்மனைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள்.

இந்த அமெரிக்க மொழியியலாளர் வாஷிங்டன், பென்சில்வேனியா பல்கலைக்கழகங்களில் பணியாற்றியவர். பேச்சுத்தமிழுக்கு இலக்கணநூல் எழுதியவர். பிரான்ஸ், இந்தியா, அமெரிக்கா மூன்றையும் ஒப்பிடும் அவருடைய மொழிக்கொள்கை நூல் 1996இல் வந்தது. அதன் சாரம்: சட்டத்தில் எழுதியிருப்பது ஒரு கொள்கை, மொழியைப் பற்றி மக்கள் மனத்தில் ஊறிய எண்ணங்கள் இன்னொரு கொள்கை. அந்த எண்ணங்களைத்தான் அவர் 'மொழிப் பண்பாடு' என்றார். அதைக் கணக்கில் கொள்ளாத சட்டம் எடுபடாது.

2003இல் சிங்கப்பூர்த் தமிழ் பற்றிய கட்டுரையில் இதே அளவுகோலை நம்மிடம் வைத்தார். பள்ளி எழுத்துத்தமிழையே போற்றுகிறது, வீட்டுத்தமிழுக்கு மதிப்பில்லை என்பது அவர் குறை. உண்மைதானே? "அம்மா கடைக்குப் போனாங்க" என்கிற பிள்ளையை, "போனார்கள்னு சொல்லு" என்று திருத்துகிறோம். நாலு தடவை திருத்தினால், அஞ்சாவது தடவை அது ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். 2005இல் பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவும் பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் கேட்டது.

ஆனால் அந்தக் கட்டுரையை மட்டும் வைத்து, பள்ளிதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வீட்டில் தமிழையே அதிகம் பேசும் இந்தியர்கள் 2010 கணக்கெடுப்பில் சுமார் 37 விழுக்காடு. 2020இல் அது மேலும் குறைந்தது. வகுப்பறைக்குள் பேச்சுத்தமிழ் வந்த பிறகும் சரிவு நிற்கவில்லை. (இங்கே 'இந்தியர்கள்' என்பதில் மலையாளம், இந்தி பேசுவோரும் அடக்கம், கட்டுரையில் கவனமாகக் கையாளுங்கள்.) 'வேலைக்கு ஆங்கிலம்தான்' என்ற பெற்றோரின் கணக்கும் மொழிப் பண்பாடுதானே? 2003 கட்டுரைக்குப் பதில் 1996 நூலிலேயே இருக்கிறது.

மாணவர்களே, இரண்டையும் சேர்த்து எழுதினால் உங்கள் வாதம் நிற்கும். ஆசிரியர்களே, பெற்றோரின் கணக்கை நாம் மாற்ற நாளாகும். பிள்ளை "போனாங்க" என்றால், முதலில் அது சொல்ல வந்ததை முழுசாச் சொல்லி முடிக்கட்டும். எழுதும்போது திருத்திக்கொள்ளலாம்.