குயின்சி ஜோன்ஸை எப்படிக் கேட்பது?

'பில்லி ஜீன்' பாட்டை ஹெட்போனில் போட்டு, மைக்கேல் ஜாக்சன் வாய் திறப்பதற்கு முந்தைய பகுதியை மட்டும் கேளுங்கள். முப்பது நொடிகூட வராது. முதலில் டிரம்ஸ் மட்டும். நாலு நொடி கழித்து பேஸ் கிட்டார் சேர்ந்துகொண்டு, விடாமல் சுற்றிச் சுற்றி வரத் தொடங்குகிறது. இருபதாவது நொடி வாக்கில் சிந்தசைசர், ஏறி இறங்கும் சின்னக் கார்டுகளோடு எட்டிப் பார்க்கிறது. அதற்கப்புறம்தான் குரல். ஒருத்தர் வந்து உட்கார்ந்து, அவர் இருப்பு நம் காதுக்குப் பழகிய பிறகே அடுத்தவர் வருகிறார். யாரும் யாரையும் இடிப்பதில்லை.

இந்தப் பாட்டு வந்த 'திரில்லர்' (1982) ஆல்பத்தின் தயாரிப்பாளர் குயின்சி ஜோன்ஸ். அமெரிக்க இசைத்தட்டு உலகில் தயாரிப்பாளர் என்பவர் எந்தப் பாட்டை எடுப்பது, யாரை வாசிக்க அழைப்பது, பாடியதில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது என்று முடிவெடுக்கிறவர். அவர் பெயர் உறையில் சின்ன எழுத்தில் இருக்கும். அவர் குரல் பாட்டில் எங்குமே கேட்காது. அப்படிப்பட்டவரை ரசிப்பது எப்படி? யார் எப்போது உள்ளே வருகிறார்கள், யார் எப்போது சும்மா இருக்கிறார்கள் என்பதைக் கவனிப்பதுதான் வழி. குயின்சியின் எழுபது வருட வேலை முழுவதையும் இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே கேட்டுவிடலாம்.

'பில்லி ஜீன்' முன்னிசை ரொம்ப நீளம், வெட்ட வேண்டும் என்று சொன்னவரே குயின்சிதான். அதைக் கேட்டால்தான் ஆட வேண்டும்போல் இருக்கிறது என்று மைக்கேல் பிடிவாதம் பிடித்தார். குயின்சி விட்டுக்கொடுத்தார். பிற்பாடு இதை அவரே பல பேட்டிகளில் சொன்னார். ஒலிப்பதிவாளர் புரூஸ் ஸ்வீடியன் இந்தப் பாட்டை 91 தடவை மிக்ஸ் செய்தார்; கடைசியில் இசைத்தட்டில் போனது இரண்டாவது மிக்ஸ். தொண்ணூற்றொன்றையும் கேட்டுவிட்டு இரண்டுக்குத் திரும்புவதற்கு ஒரு தைரியம் வேண்டும். இவ்வளவு உழைத்துவிட்டோமே என்ற எண்ணம் காதை மறைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் காது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. 1933இல் சிகாகோவில் பிறந்தார். தெற்குச் சிகாகோ அப்போது கும்பல்கள் ஆண்ட இடம். ஏழு வயதில் தெரியாமல் வேறொரு கும்பலின் தெருவுக்குள் போய்விட்டார்; பிடித்தவர்கள் அவர் கையைக் கத்தியால் வேலியோடு சேர்த்துக் குத்தினார்கள். அந்தத் தழும்பை வயதான பிறகும் காட்டுவார். கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான் மனநோயில் அவதிப்பட்ட தாயை அவர் கண்ணெதிரிலேயே மருத்துவமனைக்குக் கட்டி எடுத்துப் போனார்கள். தச்சு வேலை செய்த அப்பா, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு 1943இல் வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமர்டனுக்குப் போனார். அங்கே கடற்படைக் கப்பல் தளத்தில் வேலை. இடம் மாறினாலும் பையன் மாறவில்லை. தானும் ரவுடியாகத்தான் ஆசைப்பட்டதாகக் குயின்சியே சொல்லியிருக்கிறார்.

பதினொரு வயதில் ஒரு ராத்திரி, கூட்டாளிகளோடு பொழுதுபோக்குக் கூடம் ஒன்றை உடைத்து உள்ளே போனார். தின்பண்டம் திருடத்தான். வயிறு நிறைந்த பிறகு ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தபோது, ஓர் அறையில் சின்னப் பியானோ ஒன்று இருந்தது. விரல் வைத்தார். அந்த ராத்திரிதான் தன் வாழ்க்கை திரும்பியது என்று கடைசிவரை சொன்னார்.

பிறகு குடும்பம் சியாட்டிலுக்குப் போனது. கையில் டிரம்பெட் வந்தது. கவுண்ட் பேசியின் ஜாஸ் குழுவோடு அந்த ஊருக்கு வந்திருந்த டிரம்பெட்காரர் கிளார்க் டெரி, ராத்திரிக் கச்சேரி முடித்த களைப்போடு, இந்தப் பையன் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பு அவனுக்குப் பாடம் எடுத்தார். அதே ஊரில் பதினாலு வயதில், தன்னைவிடக் கொஞ்சம் மூத்த, கண் தெரியாத பியானோக்காரர் ஒருவரோடு சிநேகமானார். அவர் ரே சார்லஸ். இருபது வருடம் கழித்து, 1967இல், 'இன் தி ஹீட் ஆஃப் தி நைட்' படத்துக்கு இசையமைத்த குயின்சி தலைப்புப் பாடலை ரே சார்லஸையே பாடவைத்தார்.

1957இல் பாரிஸுக்குப் போய் நாடியா பூலாஞ்சேயிடம் இசை படித்தார். ஆரன் கோப்லாண்ட், ஆஸ்தோர் பியாசோலா போன்றவர்களுக்குப் பாடம் சொன்ன ஆசிரியை. 1959 கடைசியில் 'ஃப்ரீ அண்ட் ஈஸி' என்ற இசை நாடகத்துக்காகப் பெரிய ஜாஸ் குழு ஒன்றைத் திரட்டி ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார். நாடகம் பாரிஸில் படுத்துவிட்டது. குழுவைக் கலைக்க மனசு வரவில்லை. வாத்தியக்காரர்களையும் அவர்கள் குடும்பங்களையும் ஊர் ஊராக அழைத்துப் போய், கிடைத்த மேடையில் எல்லாம் வாசித்து மாதக்கணக்கில் ஓட்டினார். அமெரிக்காவில் இன்றும் பேசப்படும் வாத்தியக்காரர்கள் அதில் இருந்தார்கள். இசை பிரமாதம்; கணக்கு மோசம். திரும்பி வரும்போது தலையில் சுமார் 1,45,000 டாலர் கடன். தன் பாடல்களின் உரிமையை விற்றார். பிறகு அதைப் பல மடங்கு விலை கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது.

என்னைப் பொறுத்தவரை குயின்சியின் கதையில் பியானோ அறைக்குச் சமமான இடம் இந்தக் கடனுக்கு உண்டு. அதை அடைக்கத்தான் மெர்க்குரி இசைத்தட்டு நிறுவனத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். 1964இல் அதன் துணைத் தலைவரானார். வெள்ளையர் நடத்திய பெரிய இசைத்தட்டு நிறுவனம் ஒன்றில் கறுப்பினத்தவர் அவ்வளவு உயரத்துக்குப் போவது அன்றைக்கு எங்கும் காணாதது.

அந்த நாட்களின் வேலைக்கு ஓர் உதாரணம், 'இட்ஸ் மை பார்ட்டி' (1963). பாடியவர் லெஸ்லி கோர் என்ற பதினாறு வயதுப் பெண். இந்தப் பாட்டைக் கேட்கும்போது குரலைக் கவனியுங்கள்: ஒரே பெண் இரண்டு முறை பாடி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். அழுகையும் கோபமும் கலந்த அந்தக் கனம் அதனால்தான். பதிவு முடிந்த சமயத்தில், இன்னொரு தயாரிப்பாளரான ஃபில் ஸ்பெக்டரும் இதே பாட்டை வேறு குழுவை வைத்து எடுக்கப் போகிறார் என்று குயின்சிக்குத் தெரியவந்தது. உடனே திரும்பி ஓடி, ராத்திரியோடு ராத்திரியாக மாதிரித் தட்டுகளை அடித்து வானொலி நிலையங்களுக்கு அனுப்பிவிட்டார். சில வாரத்தில் அமெரிக்காவில் முதலிடம். எந்த வாத்தியம் எந்த நொடியில் வர வேண்டும் என்று தெரிந்தவருக்கு, எந்தப் பாட்டு எந்தக் கிழமையில் கடைக்கு வர வேண்டும் என்றும் தெரிந்திருந்தது.

இப்போது கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டிய பாட்டு. ஃபிராங்க் சினாட்ரா, கவுண்ட் பேசி குழுவோடு 1964இல் பாடிய 'ஃப்ளை மீ டு தி மூன்'. அரேஞ்ச்மெண்ட், அதாவது எந்த வாத்தியம் எங்கே எதை வாசிக்க வேண்டும் என்று எழுதும் வேலை, குயின்சியுடையது. இதை 1954இல் எழுதியவர் பார்ட் ஹோவர்ட். அப்போது இது மூன்று எண்ணிக்கையில் போகிற வால்ட்ஸ், திஸ்ரத்தில் மெதுவாக ஆடுகிற மாதிரி. பழைய பதிவு ஒன்றைத் தேடி முதலில் அதைக் கேட்டுவிடுங்கள். அதே கையோடு சினாட்ராவைப் போட்டு, தொடையில் தாளம் போடுங்கள். நாலு எண்ணிக்கை. ஒருவர் கையை வீசிக்கொண்டு தெருவில் நடந்து போகிற வேகம்.

முதல் சுற்றில் பேசியின் குழு எங்கே போனது என்றே தெரியாது. டிரம்ஸ், பேஸ், அங்கங்கே பேசியின் பியானோவிலிருந்து ஒன்றிரண்டு சொட்டு, பின்னால் புல்லாங்குழல். அவ்வளவுதான். ஆனால் அத்தனை டிரம்பெட்டும் டிராம்போனும் அதே அறையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அவை காத்திருப்பதை நம்மால் உணர முடியும். அரேஞ்சர் செய்கிற வேலை இது. சினாட்ரா ஒரு சுற்று முடித்ததும் பித்தளை வாத்தியங்கள் மொத்தமாக எழுந்து நிற்கின்றன. திரும்பவும் அவர் பாட வரும்போது அவை அடங்குவதில்லை. அவர் மூச்சு விடும் இடம் பார்த்து ஒவ்வொரு அடியாகக் கொடுக்கின்றன. இரண்டாவது முறை கேட்கும்போது பாடகரை விட்டுவிட்டு அந்த அடிகளை மட்டும் பின்தொடருங்கள். ஒரு சொல்லைக்கூட அவை மறைப்பதில்லை. இரண்டரை நிமிடப் பாட்டில் இவ்வளவு நடக்கிறது.

பட இசையில் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். 'இன் கோல்ட் பிளட்' (1967) இரண்டு கொலைகாரர்களின் உண்மைக் கதை. அவர்களுக்காகக் குயின்சி எடுத்துக்கொண்டது இரண்டு பெரிய பேஸ் வாத்தியங்களை. அடிவயிற்றில் கேட்கிற சத்தம். வயலின்களை அழவைத்துப் பயம் காட்டுகிற வழக்கம் அங்கே இல்லை. சிகாகோவில் வளர்ந்தவருக்கு வன்முறை எந்தச் சுருதியில் பேசும் என்று தெரிந்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது.

1974இல் மூளை ரத்தக்குழாய் வீங்கி வெடித்தது. இரண்டு அறுவை சிகிச்சை. பிழைப்பது கஷ்டம் என்றார்கள், பிழைத்தார். ஆனால் இனி டிரம்பெட் ஊதினால் உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். பையனாக இருந்தபோது கையில் எடுத்த வாத்தியம் அத்தோடு போனது. உலகம் அவரை நினைவில் வைத்திருக்கும் வேலையில் பெரும்பகுதி இதற்குப் பிறகு நடந்தது.

மைக்கேலோடு செய்த மூன்று ஆல்பங்களில் விற்பனையில் 'திரில்லர்' எங்கேயோ இருக்கிறது. காதுக்கு 'ஆஃப் தி வால்' (1979) ஒரு படி மேல் என்பேன். அதில் 'ராக் வித் யூ' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் ராபின்சனின் ஒரு டிரம்ஸ் உருட்டலோடு கதவு திறக்கிறது, அதன் பிறகு பாட்டு முழுக்க யாரும் குரலை உயர்த்துவதில்லை. வயலின்கள், பித்தளை, கோரஸ் எல்லாம் இருந்தும் நடுவில் காற்று போக இடம் இருக்கிறது. எழுதியவர் ராட் டெம்பர்டன் என்ற ஆங்கிலேயர். ஒரு கறுப்பினப் பாடகரின் நடனப் பாட்டுக்கு ஓர் ஆங்கிலேயரைப் பிடிக்க வேண்டும் என்று குயின்சிக்குத் தோன்றியது. 'பீட் இட்' பாட்டில் கிட்டார் வாசிக்க ராக் இசைக்காரர் எடி வான் ஹேலனை அழைக்கத் தோன்றியதும் அவருக்குத்தான். எடி காசு வாங்காமல் வாசித்துக் கொடுத்தார்.

1985 ஜனவரி 28 ராத்திரி, 'வி ஆர் தி வேர்ல்ட்' பாட்டுக்காக நாற்பதுக்கு மேற்பட்ட பிரபலங்கள் ஒரே ஸ்டுடியோவில் கூடினார்கள். தன்முனைப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வரும்படி குயின்சி ஒரு பலகை எழுதி மாட்டியிருந்தார். அந்தப் பாட்டைப் பெரிய இசை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு வரியும் எந்தக் குரலிலிருந்து எந்தக் குரலுக்குக் கை மாறுகிறது என்று கேளுங்கள். மென்மையான குரலுக்குப் பக்கத்தில் கரகரத்த குரல், தாழ்ந்ததற்குப் பக்கத்தில் கிறீச்சிட்டது. விடிவதற்குள் அதைச் செய்து முடித்தார்கள்.

இவை தவிர, 1980இல் க்வெஸ்ட் என்று சொந்த இசைத்தட்டு நிறுவனம், 'தி கலர் பர்ப்பிள்' படத் தயாரிப்பு, வில் ஸ்மித்தை வீடு வீடாகக் கொண்டுபோன 'தி ஃபிரெஷ் பிரின்ஸ் ஆஃப் பெல்-ஏர்' தொலைக்காட்சித் தொடர், ஹிப்-ஹாப்புக்காக 'வைப்' பத்திரிகை. 2024 நவம்பரில் 91 வயதில் காலமாகும்போது அவர் பெயரில் 28 கிராமி விருதுகள் இருந்தன.

ஒரே ஒரு முழு ஆல்பம் கேட்க நேரம் இருந்தால் 'பேக் ஆன் தி பிளாக்' (1989) கேளுங்கள். எல்லா பாட்டும் ஒரே தரத்தில் இல்லை. சிலவற்றில் அந்தக் காலத்து சிந்தசைசர் பழசாகிவிட்டது. ஆனால் ஜாஸ் மூத்தவர்களான டிஸ்ஸி கில்லெஸ்பி, மைல்ஸ் டேவிஸ், எலா ஃபிட்ஸ்ஜெரால்ட் இருக்கும் அதே தட்டில் ஐஸ்-டியும் பிக் டாடி கேனும் ராப் பாடுகிறார்கள். ராப் எல்லாம் இசையா என்று பெரியவர்கள் முகம் சுளித்த காலம் அது. குயின்சி இரண்டு தலைமுறையையும் ஒரே பாட்டுக்குள் உட்காரவைத்து, யாருக்கும் மரியாதை குறையாமல் பார்த்துக்கொண்டார். 'பேர்ட்லேண்ட்' பாட்டில் தொடங்குங்கள். அதில் ஜாஸ் பாடகி சாரா வாகன் குரல் வரும் இடத்தைத் தவறவிடாதீர்கள். 1990இல் அவர் இறந்துபோனார். அவருடைய கடைசிப் பதிவுகளில் அது ஒன்று.