தோப்புக்குள் 24 எச்பி: மினி டிராக்டர் வாங்குமுன்

மினி டிராக்டர் ஷோரூமுக்குள் நுழைந்ததும் "எத்தனை எச்பி பாக்கறீங்க?" என்று கேட்பார்கள். "எங்க தோப்புல வழி மூணரை அடிங்க" என்று பதில் சொல்லிப் பாருங்கள். விற்பனையாளர் கொஞ்சம் விழிப்பார். ஆனால் வாங்க வேண்டிய வண்டியை அந்த மூன்றரை அடிதான் முடிவு செய்கிறது.

கணக்கு இதுதான். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு வழக்கமான இடைவெளி 25 அடி. இரண்டு வரிசைக்கு நடுவே ஒரு வரிசை கொக்கோ வைத்திருந்தால், தென்னைக்கும் கொக்கோவுக்கும் இடையில் மிஞ்சுவது பன்னிரண்டரை அடி. தென்னையைச் சுற்றி வட்டப்பாத்தி ஆறடி ஆரம். அதற்குள் கலப்பை போகக் கூடாது, உரமும் தண்ணீரும் எடுக்கும் வேர் அங்கே இருக்கிறது. கொக்கோவின் கிளை ஒரு பக்கம் மூன்றடி. கழித்தால் மூன்றரை. தோப்புகளில் வாடகைக்கு வரும் 45 எச்பி வண்டியின் பின்சக்கர அகலமே ஏறக்குறைய ஆறடி. அது உள்ளே வந்தால் ஒன்று கொக்கோ கிளை போகும், இல்லையென்றால் பாத்தி வரப்பு போகும். பெரும்பாலும் இரண்டும் போகும்.

இப்படியொரு ஐந்து ஏக்கர் தோப்புக்காகத்தான், உறவினர் ஒருவருக்குத் துணையாக, சில வண்டிகளையும் கருவிகளையும் ஓட்டிப் பார்த்தேன். பார்த்த பிறகு என் கருத்து இது: முதலில் பின்னால் மாட்டும் கருவியை முடிவு செய்யுங்கள், பிறகு அதை இழுக்கும் வண்டியைத் தேடுங்கள். நம் ஊரில் நடப்பது தலைகீழ். வண்டியை வாங்கிவிட்டு, டீலர் கூடவே கொடுக்கும் ரொட்டவேட்டரை வாங்கி வந்து, வேலையை அதற்கு ஏற்றபடி மாற்றிக்கொள்கிறோம்.

ஆனாலும் வண்டியைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள் என்பதால் அதைச் சொல்லிவிடுகிறேன். இந்த அகலத்துக்குள் வருபவை 15 முதல் 28 எச்பி வரை. ஸ்வராஜ் 717 போன்ற 15 எச்பி, ஒற்றை சிலிண்டர் வண்டிகள் விலை குறைவு, பழுது பார்ப்பது சுலபம். டிரெய்லர் இழுக்கவும் மருந்தடிக்கவும் போதும். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி என்பதால், ஜூனில் தென்மேற்குப் பருவமழை ஆனைமலைப் பக்கம் பிடித்துக்கொண்டால் ஈரமண்ணில் சுழல ஆரம்பித்துவிடும். அதனால் தோப்புக்கு 4 வீல் டிரைவ்தான் என் தேர்வு. அந்த வகையில் சந்தையில் நேருக்கு நேர் நிற்பவை குபோட்டா நியோஸ்டார் பி2441, மஹிந்திரா ஜீவோ 245. இரண்டுமே 24 எச்பி. முன்னதில் மூன்று சிலிண்டர், பின்னதில் இரண்டு.

எச்பி ஒன்றாக இருந்தாலும் இருக்கையில் உட்கார்ந்தால் சுபாவம் வேறு. மூன்று சிலிண்டர் வண்டி மெதுவாக ஊர்ந்தாலும் சீராகப் போகிறது. அதிர்வு ஸ்டியரிங் வரை வருவதில்லை. இரண்டு சிலிண்டரில் கொஞ்சம் நடுக்கம் உண்டு, அதை மறைக்க முடியாது. ஆனால் குறைந்த சுழற்சியிலேயே இழுவை கிடைப்பதால், ஈர மண்ணில் கலப்பை மாட்டிக்கொள்ளும்போது எஞ்சின் திணறாமல் உந்தித் தள்ளுகிறது. நாள் முழுக்க ஓட்டுபவர் நீங்களே என்றால் மூன்று சிலிண்டர். ஆள் வைத்து உழவு ஓட்டுபவர் என்றால் இரண்டு சிலிண்டர் உங்களை ஏமாற்றாது. ஜான் டீர் 3028இஎன் 28 எச்பி. மூன்றிலும் திடமானது, விலையும் அதற்கேற்ப மேலே. மஹிந்திராவின் ஓஜா வரிசை 2023 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமானது, வசதிகள் நிறைய. ஆனால் தோப்பு வேலைக்கு அத்தனை வசதி தேவையா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

எச்பியை விட நான் கவனித்தது எடையை. குபோட்டாவின் எடை 650 கிலோவை ஒட்டி. பின்னால் ஹைட்ராலிக் தூக்கும் திறன் 750 கிலோ. தன் எடையை விட அதிகமாகத் தூக்குகிறது என்று விளம்பரத்தில் படிக்க நன்றாக இருக்கும். நடைமுறையில் அந்த 750 கிலோ, இணைப்புக் கைகளின் நுனியில் அளந்தது. கருவியின் பாரம் அதற்கும் ஓரடி, இரண்டடி பின்னால் இருக்கிறது. கனமான கருவியைத் தூக்கியதும் முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். முன்னால் எடைத்தட்டு போடச் சொன்னால் டீலர் "தேவையில்லீங்க" என்பார். போடச் சொல்லுங்கள்.

இனி ரொட்டவேட்டர். ஊரே அதன் பின்னால் ஓடுகிறது. ஒரே ஓட்டில் மண் பொடியாகி, களை காணாமல் போய், தோப்பு பெருக்கிவிட்ட வாசலைப் போல் ஆகிவிடும், மனசுக்குத் திருப்தி. ஆனால் தென்னந்தோப்பின் இடைவெளியில் ஆண்டுக்கு இரண்டு உழவு போதும். அதற்கு ஐந்து கொழுக் கலப்பை போதும். மாதம் ஒருமுறை ரொட்டவேட்டர் விட்டால் மேல்மண் மாவாகி, முதல் பெருமழையில் வாய்க்காலுக்குப் போகும். பிளேடு தொடும் ஆழத்துக்குக் கீழே மண் இறுகித் தட்டுப்போல் ஆகும், தண்ணீர் கீழே இறங்காது. கோரையும் அருகும் இருக்கும் தோட்டத்தில் இன்னொரு சங்கடம்: பிளேடு கோரைக்கிழங்கையும் அருகின் தண்டையும் துண்டு துண்டாக்கி, தோப்பெங்கும் நட்டுவிட்டுப் போகிறது. வாங்கியே ஆக வேண்டுமென்றால், இந்த வழிக்கு மூன்றரை அடிக்கு மேல் வேண்டாம். பின்சக்கரத் தடத்தை முழுதாக மூடும் அளவா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். தடம் வெளியே தெரிந்தால் அங்கே உழாத வரி நிற்கும்.

அதே பணத்துக்கு நான் வாங்கச் சொல்வது ஸ்லாஷர், அதாவது தட்டைப் பெட்டிக்கடியில் கத்தி சுழன்று களையை வெட்டிப் போடும் கருவி. வெட்டிய களை அங்கேயே மூடாக்காகக் கிடக்கும். கோடையில் அதன் மதிப்பு தெரியும்: மூடாக்கு கிடந்த வரிசையில் சொட்டுநீர் ஓட்டும் நேரத்தைக் குறைக்க முடிந்தது, உழுதுவிட்ட பக்கம் மண் வெடித்துக் கிடந்தது. வேலையும் வேகம். ஆனால் ஸ்லாஷருக்கு ஒரு குணம் உண்டு. வாங்கும்முன் தெரிந்துகொள்ள வேண்டியது. கத்தி கனம், சுழன்றால் சட்டென்று நிற்காது. பிடிஓ (எஞ்சின் சுழற்சியைக் கருவிக்குக் கொடுக்கும் தண்டு) தனியாக இல்லாமல் கியர்பாக்ஸ் வழியாக ஓடும் வண்டியில், நீங்கள் கிளட்ச்சை மிதித்தாலும் சுழலும் கத்தி பிடிஓவைத் திருப்பி, சக்கரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பழைய மினி டிராக்டர் ஒன்றில் இதைப் பார்த்தோம். "மிதிச்சும் நிக்க மாட்டேங்குதுங்க" என்று கத்திக்கொண்டே டிரைவர் வாழைக்கன்று ஒன்றின் மேல் ஏறிவிட்டார். வாழைக்கன்றோடு போனது. பிடிஓ தண்டில் ஓவர்ரன்னிங் கப்ளர் மாட்டினால் கத்தி தானாகச் சுற்றிக்கொள்ளும், வண்டி நின்றுவிடும். வண்டி விலையோடு ஒப்பிட்டால் சிறு செலவு. டபுள் கிளட்ச் இருக்கும் வண்டியில் பிடிஓவைத் தனியே விடுவிக்கலாம் என்பதால் இந்தத் தொல்லை பெரிதாக இல்லை.

பிடிஓ வேகத்தையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கருவிகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 540 சுற்றுக்கு வடிவமைத்தவை. மினி டிராக்டர்கள் பலவற்றில் இரண்டாவது வேகமும் உண்டு. 750 ஆகவோ அதற்கும் மேலாகவோ இருக்கும். மருந்தடிக்க அது வசதி. 540க்குச் செய்த ஸ்லாஷரை அந்த வேகத்தில் ஓட்டினால் கத்தியோ கல்லோ எங்கே பறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஸ்லாஷர் ஓடும்போது பக்கத்தில் ஆள் நிற்கக் கூடாது. பிடிஓ தண்டின் மேல் பிளாஸ்டிக் உறை இல்லாமல் ஓட்டவே கூடாது. வேட்டியோடு ஏறும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதை இரண்டு தடவை சொல்கிறேன். இன்னொன்று, ரேடியேட்டர் வலை. காய்ந்த புல்லை வெட்டும்போது தூசும் விதையும் வந்து அடைத்து, எஞ்சின் சூடேறும். அரை நாளுக்கு ஒருமுறை இறங்கித் தட்டிவிட வேண்டும்.

அடுத்து டிரெய்லர். தோப்பில் அதிகம் ஓடும் கருவி உண்மையில் இதுதான், ஆனால் எல்லோரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். ஏக்கருக்கு 70 மரம் என்றால் ஐந்து ஏக்கரில் 350. ஒரு வெட்டுக்கு மரத்துக்கு 15 காய் விழுந்தாலும் ஐயாயிரத்துக்கு மேல். மட்டையோடு ஒரு காய் ஒன்றேகால் கிலோ என்று வைத்தாலும் ஆறரை டன். 45 நாளுக்கு ஒருமுறை இது தோப்புக்குள்ளிருந்து களத்துக்கு வர வேண்டும். மினி டிராக்டருக்கு ஒரு டன் டிரெய்லர்தான் நான் சொல்வேன். ஒன்றரை டன் கிடைக்கும், ஆசைப்பட வேண்டாம். 650 கிலோ வண்டியின் பின்னால் ஒன்றரை டன் காய் இருந்தால், இறக்கத்தில் யார் யாரை இழுக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். டிரெய்லரோடு ரோட்டில் ஏறும்முன் இடது, வலது பிரேக் பெடல்களைக் கொக்கியால் சேர்த்துப் பூட்டுங்கள். தோப்புக்குள் திரும்ப வசதியாக அவற்றைப் பிரித்து வைத்திருப்போம். மறந்து ஒரு பெடலை மட்டும் மிதித்தால் வண்டி பக்கவாட்டில் சுழன்றுவிடும். டிப்பர் வசதி உள்ள டிரெய்லர் கூடுதல் செலவு, ஆனால் களத்தில் இறக்க ஆள் மிச்சம்.

குழி தோண்டும் கருவி, மட்டை தூளாக்கும் இயந்திரம் இரண்டையும் வாங்க வேண்டாம். குழிக்கருவியால் வாழைக்கோ வேலிக்கம்பத்துக்கோ வேகமாகக் குழி போடலாம், ஆனால் அந்த வேலை ஆண்டுக்கு எத்தனை நாள் வரும்? தென்னங்கன்றுக்கான மூன்றடிக் குழியை அது போடாது. மட்டை தூளாக்கும் இயந்திரத்தில் நல்லது எதுவும் 24 எச்பியில் ஓடாது. சின்னது வாங்கினால் அடிமட்டையில் அடைத்துக்கொண்டு நிற்கும். இரண்டையும் வாடகைக்கு எடுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு விடுகிறது, தனியாரிடமும் கிடைக்கிறது.

ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். டீலர் ஷோரூம் முன்னால் ஒரு வட்டம் ஓட்டிக்காட்டினால் அது ஓட்டிப் பார்த்ததாகாது. வண்டியைத் தோப்புக்கு வரச் சொல்லுங்கள், கருவியோடு. வரிசைக் கடைசியில் ரிவர்ஸ் எடுக்காமல் திரும்புகிறதா பாருங்கள். கருவியைப் பாதி உயரம் தூக்கி, எஞ்சினை அணைத்துவிட்டு, டீ குடிக்கும் நேரம் விடுங்கள். கீழே இறங்கியிருந்தால் ஹைட்ராலிக்கைப் பற்றிக் கேள்வி கேளுங்கள். பின்னால் பாதுகாப்புக் கம்பி மடக்கும் வகையா என்று பாருங்கள்: கொக்கோ கிளையில் இடித்தால் மடக்க வேண்டிவரும், மடக்கிய நிலையில் சீட் பெல்ட் போடக் கூடாது, நிமிர்த்தியதும் கட்டாயம் போட வேண்டும். மேலே ஒரு தகரக் கூரையும் போட்டுக்கொள்ளுங்கள். வெயிலுக்கு மட்டுமில்லை, காய் விழும்.

பணம். 24 எச்பி 4 வீல் டிரைவ் வண்டி ஐந்தரை லட்சத்திலிருந்து ஆறரைக்குள் இருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்ததில், இந்த விலைக்குள் முப்பதாயிரத்துக்கு மேல் மிச்சம். டயர், உதிரிபாகங்களும் 18லிருந்து 5க்கு வந்திருக்கின்றன. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் வாங்க வேண்டாம். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் 50 சதவீதம் வரை, மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரை மானியம் உண்டு. இரண்டுக்கும் உச்சவரம்பு இருக்கிறது. வேளாண்மைப் பொறியியல் துறையில் விண்ணப்பித்து, அனுமதி கையில் வந்த பிறகுதான் பில் போட வேண்டும்.

உறவினர் கடைசியில் மூன்று சிலிண்டர் 24 எச்பி வண்டி, மூன்றரை அடிக்குள் அடங்கும் ஸ்லாஷர், ஐந்து கொழுக் கலப்பை, ஒரு டன் டிப்பர் டிரெய்லர் என்று எழுதிக்கொண்டார். ரொட்டவேட்டர் அந்தப் பட்டியலில் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் தன்னுடையதை இரவல் தருவதாகச் சொல்லியிருக்கிறார்; இன்னும் வாங்கி வரவில்லை.